யார்க்‌ஷயர் குடும்பப்பெயரில் ஓர் ஆப்பிரிக்கக் கால்வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த அரிய குடும்பப்பெயர் ஒன்று. அந்தப் பெயருடைய ஒரு வெள்ளையரிடம், ஆப்பிரிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை கருதப்பட்ட ஒய் குரோமோசோம் (ஆண்களிடம் மட்டும் உள்ள மரபணு இழை) வகை இருப்பதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறையினர் கண்டார்கள். அந்த ஆய்வு 2007 ஜனவரியில் வெளிவந்தது. பேராசிரியர் மார்க் ஜோப்ளிங் தலைமையில், அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த டூரி கிங் முதன்மையாகச் செய்த வேலை அது. குடும்பப்பெயரையும் அதற்குரியவர்களையும் ஆய்வறிக்கை வெளியிடவில்லை. இந்தப் பதிவும் பெயரைச் சொல்லாது.

பெயர்களின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கும், உமிழ்நீரை அனுப்பிப் பூர்வீகம் அறிய விரும்புபவர்களுக்கும் இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. எதைச் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்த விதமே என் பார்வையில் இதன் முக்கியப் பகுதி.

பின்னணி: பெயரும் குரோமோசோமும்

இங்கிலாந்தில் குடும்பப்பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். நம் இனிஷியலைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது. பாட்டனுக்கு இருந்ததே பேரனுக்கும். ஒய் குரோமோசோமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. இடையில் எதுவும் குறுக்கிடாவிட்டால், பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயரைத் தொடங்கியவரின் ஒய் குரோமோசோம்தான் இன்றைக்கு அந்தப் பெயருடன் இருக்கும் ஆண்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை.

காரணம் புரிய, பெயர்கள் தோன்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலவுடைமைக் குடும்பங்கள் தங்கள் நிலத்தின் பெயரைப் பரம்பரைப் பெயராக வைத்துக்கொள்ளத் தொடங்கின. அந்த வழக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தெற்கில் முன்னதாகவும் வடக்கில் சற்றுப் பிந்தியும் சாதாரண மக்களிடம் அது நிலைத்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் பெரும்பாலோருக்குத் துணைப்பெயர் இருக்கிறது. ஆனால் அது தகப்பனிடமிருந்து வந்ததா, அந்த மனிதருக்கு மட்டும் உரியதா என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. ஏறத்தாழ 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது எனலாம்.

ஒரு பெயருக்கு ஒரே மூதாதை இருந்தாரா, பலர் இருந்தார்களா என்பது அந்தப் பெயர் பிறந்த வழியைப் பொறுத்தது. ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் இல்லாத ஊர் ஏது? ஆகவே ஸ்மித்களுக்குப் பொது மூதாதையைத் தேடுவது வீண். ஜான்சன் போன்ற தகப்பன் வழிப் பெயர்களும் அப்படியே. அட்டன்பரோ என்பது நாட்டிங்காம்ஷயரில் உள்ள ஒரே ஒரு சிற்றூரின் பெயர். அந்தப் பெயருடன் ஊரை விட்டு வெளியேறியவர்கள் சிலரே இருந்திருக்க முடியும். சைக்ஸ் இன்னும் சுவையான வழக்கு. யார்க்‌ஷயர் பேச்சில் சைக் என்பது சிற்றோடை. ஓடைகள் நிறைய இருப்பதால் பெயரும் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றே பெயராய்வாளர்கள் எண்ணியிருந்தார்கள். 2000இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ், தன் பெயரையே உடைய 48 ஆண்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. ஓடைகள் பல என்றாலும் பெயர் ஒரே இடத்தில் தோன்றியிருக்கலாம் என்பது அதன் முடிவு.

மற்றப் பாதிப் பேர்? பெயரும் குரோமோசோமும் பிரிவதற்கு வழிகள் பல. மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை தாயின் பெயரை எடுத்துக்கொள்ளும். தாய் மறுமணம் செய்தால் பிள்ளைக்கு மாற்றாந்தந்தையின் பெயர் வரும். சொத்துக்காகத் தாய்வழிப் பாட்டன் பெயருக்கு மாறியவர்கள் உண்டு. தத்துப் பிள்ளைகள் உண்டு. கணவனுக்குத் தெரியாமல் நிகழ்ந்தவையும் உண்டு. இவை தலைமுறைக்கு நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவில் நடந்தால்கூட, 20 தலைமுறைகளில் சேர்ந்துவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஆண் வாரிசு இல்லாமல் கிளைகள் அற்றுப்போகின்றன. அரிய பெயரில் ஒரு கிளை அற்று இன்னொன்று தழைத்தால், முதல் மூதாதையின் குரோமோசோமே அந்தப் பெயரிலிருந்து மறைந்துபோகலாம்.

லெஸ்டர் குழு இந்தக் கேள்வியைத்தான் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. 150 குடும்பப்பெயர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்கள் என்று ஒப்பிட்ட அவர்களின் ஆய்வு 2006இல் வந்தது. பெயர் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு இருவரும் ஒரே ஒய் குரோமோசோம் வகையைப் பகிரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அதன் சாரம். நம் நிகழ்வு தொடங்குவது இந்தப் பெயராய்வு வேலையின் நடுவில்தான். ஆப்பிரிக்காவைப் பற்றி யாரும் அங்கே எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

கண்டது

ஒய் குரோமோசோம்களை ஒரு மரமாக வரைகிறார்கள். அடியிலிருந்து முதலில் பிரியும் கிளைகளுக்கு ஹாப்லோகுரூப் ஏ என்று பெயர். அந்தக் கிளைகள் ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியவை என்பது அன்றைய நிலை. பிரிட்டனில் மட்டுமல்ல, மேற்கு ஐரோப்பாவில் எங்குமே அதற்கு முன் ஒருவரிடமும் பதிவானதில்லை.

லெஸ்டரில் வசித்த தன்னார்வலர் ஒருவரின் மாதிரியில் ஏ1 என்ற உட்கிளை தெரிந்தது. ஆப்பிரிக்காவில்கூட ஏ1 அரிதானது. மாலி, கினி-பிசாவு போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் சிறு விகிதத்தில் காணப்படுவது. மாதிரி கொடுத்தவர் தோற்றத்தில் வெள்ளையர். தன் குடும்பத்தில் ஆப்பிரிக்கத் தொடர்பு எதையும் அவர் அறிந்திருக்கவில்லை. அவரது குரோமோசோமை ஆப்பிரிக்க மாதிரிகளுடன் ஒப்பிட்டபோது, மேற்கு ஆப்பிரிக்கத் தோற்றத்தையே அது காட்டியது.

இந்த இடத்தில் இரண்டு எளிய வழிகள் இருந்தன. விசித்திரமான ஒற்றை முடிவு என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடலாம். அல்லது, அவருடைய பாட்டன் காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்து நிறுத்திக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பெருமளவில் மக்கள் பிரிட்டனுக்கு வந்திருக்கிறார்கள் என்பதால் அந்த ஊகம் எளிதில் வரக்கூடியது. குழு இரண்டையும் செய்யவில்லை.

முதல் முடிவு: பெயரைத் துணைக்கு அழைத்தது

அவர்கள் அதே குடும்பப்பெயருடைய மற்ற ஆண்களைத் தேடினார்கள். பெயர் அரிதாக இருந்தது இங்கே பெரும் வசதி. ஸ்மித்தாக இருந்திருந்தால் இந்தத் தேடலுக்குப் பொருளே இருந்திருக்காது. அரிய பெயர் என்றால், அதை உடையவர்கள் ஒரே வேரிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்கக் குரோமோசோம் அண்மையில் ஒரு வீட்டுக்குள் மட்டும் வந்ததாக இருந்தால் மற்றவர்களிடம் இருக்காது; பழையதாக இருந்தால் பெயருக்குள் பரவியிருக்கும். ஒரு தனி மனிதரை எவ்வளவு ஆழமாக ஆராய்ந்தாலும் இந்த வேறுபாடு தெரியாது.

18 பேரைத் திரட்டினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் பிரிட்டனில் வாழ்பவர்கள். தகப்பன், தகப்பன்வழிப் பாட்டன் வரை அங்கேயே பிறந்தவர்கள். அந்த 18இல் ஏழு பேரிடம் ஏ1 இருந்தது. அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் வசிப்பவர். அவருடைய முன்னோர் 1894இல் இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறியவர்கள். 1894இல் கடல் கடந்து போன ஒரு கிளையிலும் அது இருக்கிறதென்றால், 20ஆம் நூற்றாண்டுக் குடியேற்றம் என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிட்டது.

பத்திரிகைகள் ஏழு பேரைப் பற்றியே எழுதின. மற்றப் பதினொருவரிடம் அது இல்லை என்பதற்கும் அதே அளவு எடை உண்டு. பெயரைத் தொடங்கியவரே ஆப்பிரிக்க வழியினர் என்று எளிதாகச் சொல்ல முடியாமல் தடுப்பவர்கள் இவர்களே. பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தோன்றியிருக்கலாம். அல்லது ஏற்கெனவே இருந்த பெயருக்குள் இந்தக் குரோமோசோம் பின்னர் நுழைந்திருக்கலாம். அல்லது தொடங்கியவரிடம் இருந்து, மற்றக் கிளைகளில் பின்னர் வேறு குரோமோசோம்கள் நுழைந்திருக்கலாம். மூன்றும் திறந்தே இருக்கின்றன.

இரண்டாவது முடிவு: ஏடுகளைப் புரட்டியது

அடுத்து, ஏழு பேரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று ஆவணங்களில் தேடினார்கள். மரபணு ஆய்வுக்கூடம் ஒன்று தேவாலயப் பதிவேடுகளுக்குப் போவது அன்று சாதாரணமாக நடப்பதல்ல.

இங்கிலாந்தில் இந்தத் தேடல் பின்னோக்கிப் போகும் வழி ஓரளவு வகுக்கப்பட்டது. 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு அரசுப் பதிவு உண்டு. பிறப்புச் சான்றில் தகப்பன் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் அதுவே ஒரு தகவல். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களின் பெயர் இருக்கிறது. 1851 முதல் பிறந்த ஊரும், குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்பதும் சேர்ந்தன. 1837க்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுகள்தான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் இட்ட உத்தரவின்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு தேவாலயமும் எழுதி வைக்க வேண்டும். எழுதினார்கள்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. 1640களின் உள்நாட்டுப் போரில் பல ஊர்களில் பதிவு அறுந்தது. பெயரின் எழுத்துக்கூட்டல் எழுதும் பாதிரியாரைப் பொறுத்து மாறும். 1813இல் அச்சிட்ட படிவங்கள் வரும் வரை, ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலை எதிர்பார்க்க முடியாது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இரண்டு ஜான்கள் இருந்தால், எந்த ஜானின் மகன் என்று பிரிப்பது பெரும்பாடு.

இந்த ஏடுகளில் இன்னொரு வகையும் உண்டு. மணமாகாத தாய்க்குக் குழந்தை பிறந்தால், ஊர்ச் செலவில் அதை வளர்க்க நேரிடுமே என்று ஏழை நிவாரண அதிகாரிகள் தகப்பனைத் தேடிப்பிடித்துப் பணம் கட்டச் சொல்லி எழுதி வாங்கினார்கள். ஒழுக்கத்தைவிட வரிப்பணத்தின் மீதான அக்கறை அது. ஆனால் ஞானஸ்நான ஏடு மறைத்த தகப்பன் பெயரை இன்றைய ஆய்வாளருக்குத் தருவது பெரும்பாலும் அந்தப் பத்திரங்களே.

தேடலின் பலன்: ஏழு பேரும் இரண்டு வம்சாவளிகளாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு வம்சாவளிக்கும் பொது மூதாதை 18ஆம் நூற்றாண்டில் கிடைத்தார். இரண்டையும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் இணைக்கும் ஆவணம் கிடைக்கவில்லை.

மூன்றாவது முடிவு: 77 இடங்களை எண்ணியது

ஏடு நின்ற இடத்திலிருந்து மேலே போக மீண்டும் மரபணுவிடம் திரும்பினார்கள். ஒய் குரோமோசோமில் டிஎன்ஏ எழுத்துகளின் குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு தொடர் தகப்பனிடம் 14 முறை வந்தால் மகனிடமும் 14 முறைதான் வரும். அரிதாக 13 அல்லது 15 ஆகும். பொதுவாக ஓர் இடத்தில் ஏறத்தாழ 500 தலைமுறைக்கு ஒரு முறை இப்படி மாறும் என்று கணக்கிடுகிறார்கள். சில இடங்களை மட்டும் பார்த்தால் நெருங்கிய உறவினர் எல்லோரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். 77 இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆறேழு தலைமுறைக்கு ஒரு மாற்றமாவது எதிர்பார்க்கலாம்; சில நூறு ஆண்டுத் தொலைவை அளக்க அது போதும். அன்றைய நிலையில் 77 என்பது பெரிய எண்ணிக்கை.

இரண்டு வம்சாவளிகளும் ஆவணங்கள் காட்டிய மூதாதையருக்குச் சில தலைமுறைகள் முன்பு இணைகின்றன என்பது கணக்கின் விடை. ஆக, இந்தக் குரோமோசோம் யார்க்‌ஷயரின் அந்தப் பெயருக்குள் குறைந்தது 250 ஆண்டுகளாக இருந்துவருகிறது.

முதலில் மாதிரி கொடுத்தவரின் தோற்றத்தில் ஆப்பிரிக்கச் சாயல் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதே விடை போதும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அதில் ஒய் குரோமோசோம் வழி ஒன்றே ஒன்று. மற்ற 1,023 இடங்களிலும் யார்க்‌ஷயர் விவசாயிகள் இருந்திருந்தால், தோலிலும் முகத்திலும் அவர்களின் சாயலே இருக்கும். ஒய் மட்டும் கலக்காமல், கரையாமல் அப்படியே இறங்கி வரும்.

எப்போது, எப்படி வந்தது?

இங்கேதான் ஆய்வு சோதனைக்கு உள்ளானது. கணக்கு தரும் தேதி ஏழு பேரின் பொது மூதாதை வாழ்ந்த காலம். குரோமோசோம் பிரிட்டனில் இறங்கிய காலம் அதுவல்ல. அந்தக் குடும்பப்பெயருக்குள் நுழைந்த காலமும் அதுவாக இருக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் கதை சுலபமாகக் கிடைத்துவிடும். 18ஆம் நூற்றாண்டு, ஆப்பிரிக்கா, பிரிட்டன் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னாலே யாருக்கும் அடிமை வாணிபம்தான் நினைவுக்கு வரும்.

அந்த நினைப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் கப்பல்கள் 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோயின. சிலர் வேலையாட்களாக இங்கிலாந்தின் பண்ணை வீடுகளுக்கும் மாளிகைகளுக்கும் வந்துசேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது எசமானின் குடும்பப்பெயரையோ ஊர்ப் பெயரையோ சூட்டுவது நடந்திருக்கிறது. இந்தக் குடும்பப்பெயருக்குள் நுழையும் ஒரு வழி அது. இன்னொரு வழி, அந்தப் பெயருடைய மணமாகாத பெண்ணுக்கு ஆப்பிரிக்கர் ஒருவர் மூலமோ, ஆப்பிரிக்கரின் வழிவந்தவர் மூலமோ பிறந்த மகன் தாயின் பெயருடன் வளர்ந்திருப்பது.

ஆனால் கிழக்கு யார்க்‌ஷயரின் துறைமுகம் ஹல். லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் போல ஹல் அடிமை வாணிபத்தில் ஊறியதல்ல; அதன் வணிகம் பால்டிக் கடலையும் வட ஐரோப்பாவையும் நோக்கியது. அடிமை வாணிப ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பிறந்த ஊரும், முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதியும் அதுதான். இதனால் அடிமை வாணிபத் தொடர்பு இருந்திருக்க முடியாது என்று ஆகிவிடாது. உள்ளூர் வரலாறு அதைத் தானாகவே சொல்லித் தரவில்லை என்பதே பொருள்.

அதற்கு முந்தைய வாய்ப்புகளும் உண்டு. ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி ஆகியோரின் அரசவையில் ஜான் பிளாங்க் என்ற கறுப்பின எக்காளக் கலைஞர் இருந்தார். 1511இல் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் போட்டி விளையாட்டைச் சித்திரிக்கும் சுருள் ஓவியத்தில் அவரைக் காணலாம். தலைப்பாகையுடன் குதிரை மேல் இருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் வட ஆப்பிரிக்காவில் பிடித்தவர்களை அயர்லாந்துக்குக் கொண்டுவந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு ஒன்று சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரோமானியர்கள். வட இங்கிலாந்தில் அவர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரின் மேற்குக் கோடிக்கு அருகில் உள்ள கோட்டையில் மூர் வீரர்களின் படைப்பிரிவு ஒன்று 3ஆம் நூற்றாண்டில் இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. இன்றைய லிபியாவில் பிறந்த பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் 211இல் இறந்தது யார்க் நகரிலேயே. யார்க்கில் 1901இல் கண்டெடுத்த 4ஆம் நூற்றாண்டுச் செல்வச் சீமாட்டியின் எலும்புகளை 2010இல் மறுஆய்வு செய்தவர்கள், அவர் வட ஆப்பிரிக்க வழியினராக இருக்கலாம் என்றார்கள். இவையெல்லாம் யார்க்‌ஷயருக்கு நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூர்களும் செவெரஸும் வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள்; நம் குரோமோசோமோ மேற்கு ஆப்பிரிக்காவைச் சுட்டுகிறது. சீமாட்டி பெண் என்பதால் ஒய்க்கு அங்கே வேலையே இல்லை. ரோமானியர் காலத்தில் வந்திருந்தால், குடும்பப்பெயர்கள் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அது பிரிட்டனில் ஓசையின்றி இறங்கிவந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கிளை வேறு பெயர்களிலும் தலைகாட்டியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது என் கருத்து. அரிய கிளைகள் எளிதில் அற்றுப்போகும் என்பதால் இதையும் அழுத்திச் சொல்ல முடியாது.

குழு எடுத்த முடிவு, எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவது. 18ஆம் நூற்றாண்டு மூதாதையருக்குச் சற்று முன் வந்த ஆப்பிரிக்கராகவும் இருக்கலாம். எப்போதோ வந்த ஆப்பிரிக்கரின் வழியில் பிறந்த ஐரோப்பியத் தோற்றமுடையவராகவும் இருக்கலாம் என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ‘பூர்வகுடிகள்’ எனப்படுவோரிடையே ஆப்பிரிக்கர் இருந்ததற்கான முதல் மரபணுச் சான்று இது என்பதைத் தாண்டி அவர்கள் போகவில்லை. பூர்வகுடி என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தார்கள்.

பெயரை மறைத்தது

ஆய்வறிக்கை குடும்பப்பெயரை வெளியிடாமல், ‘அரிய கிழக்கு யார்க்‌ஷயர் பெயர்’ என்று மட்டுமே சொன்னது. ஒருவர் பெயரை மறைத்தால் அவர் மறைகிறார். அரிய குடும்பப்பெயரை வெளியிட்டால், சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத அந்தப் பெயர்க்காரர்கள் அனைவரும் வெளியே தெரிகிறார்கள். அந்தப் பெயருடைய ஒரு பள்ளிப் பையனிடம் மறுநாள் யார் என்ன கேட்பார்கள் என்பது ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. இங்கே ஒப்புதல் தனிமனிதருடையது. தகவலோ ஒரு குலத்துக்கே உரியது. இந்த இடைவெளிக்கு 2007இல் தெளிவான விதிமுறை இருந்ததென்று சொல்ல முடியாது. அவர்கள் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

பின்னர் நடந்தவை

குற்றவியல் துறைக்கு இந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையாகப் போய்ச்சேர்ந்தது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த இரத்தத்தில் ஒய் குரோமோசோமை மட்டும் பார்த்து இன்ன கண்டத்தவர் என்று சொன்னால், இந்த ஏழு பேர் விஷயத்திலும் காவல்துறை தவறான ஆளைத்தான் தேடும். டிஎன்ஏயின் மற்றப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிழை நேராது என்று டூரி கிங் அப்போதே சொன்னார்.

அதே 2007இல் அதே குழு அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் ஒய் குரோமோசோமையும் எடுத்துக்கொண்டது. அவருடைய வகை ஐரோப்பாவில் அரிது. மத்தியக் கிழக்கிலிருந்து அண்மையில் வந்த கால்வழியோ என்ற பேச்சு இருந்தது. குழு மீண்டும் பெயரைப் பிடித்தது. பிரிட்டனில் ஜெஃபர்சன் என்ற பெயருடைய 85 ஆண்களைச் சோதித்ததில் இருவரிடம் அதே வகை கிடைத்தது. அந்தக் கால்வழி பிரிட்டனில் ஏற்கெனவே நிலைத்திருந்தது என்று கொள்ள அது போதுமானதாயிற்று. யார்க்‌ஷயரில் கையாண்ட உத்திதான். 

2009இல் 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரிவான ஆய்வு வெளிவந்தது. அட்டன்பரோக்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே கால்வழி. ஸ்மித்களோ தெருவில் போகும் யாரையும் பிடித்துச் சோதித்ததற்குச் சமம்.

2012இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையதா என்ற சோதனையை டூரி கிங் நடத்தினார். 2014இல் முடிவு வந்தது. தாய்வழி டிஎன்ஏ வாழும் உறவினர்களோடு பொருந்தியது. ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. ஒப்பிட்ட ஐந்து ஆண்களும் பியூஃபர்ட் கோமகனின் வழியினர்; ஏடுகளின்படி ரிச்சர்டின் தகப்பன்வழி உறவினர்கள். சோமர்செட் என்ற குடும்பப்பெயரின் கால்வழி. அந்தப் பெயரைத் தொடங்கிய சார்லஸ் சோமர்செட்டே மூன்றாம் சோமர்செட் கோமகனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். தகப்பனின் பட்டப்பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப்பெயராயிற்று. அதற்குப் பிறகும் வழி அறுந்திருக்கிறது: அந்த ஐந்து பேருக்குள்ளேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. ஏடுகளில் அரச வம்சம் யார்க்‌ஷயர் உழவர்களைவிட எவ்வளவோ தெளிவு. ஒய் குரோமோசோம் விஷயத்தில் இருவர் நிலையும் ஒன்றுதான்.

இன்று செய்தால் மாறுபவை

முதலில் பெயரிடல். மரத்தின் அடிப்பகுதியை 2011இல் திருத்தி வரைந்தார்கள். 2013இல், தென் கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க-அமெரிக்கக் குடும்பத்தின் மாதிரியிலிருந்து அதற்கும் அடியில் ஒரு கிளை கிடைத்தது. அதற்கு நெருக்கமானவை கேமரூனில் தெரிந்தன. அந்தக் கண்டுபிடிப்பும் குடும்ப வரலாறு தேடிய சாதாரண ஒருவரின் சோதனையில் தொடங்கியதுதான். 2007இன் ஏ1 இன்று ஏ1ஏ. பழைய அறிக்கையைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் வேறு கிளையோடு குழப்பிக்கொள்வார்கள்.

அடுத்தது கால அளவு. 77 இடங்களில் எண்ணிக்கை கூடிக் குறைவதை வைத்துச் சொன்ன தேதிக்குப் பிழை வரம்பு அகலமானது. ஒரு முறை கூடிய எண் மறுமுறை குறைந்து பழையபடி ஆகிவிட்டால் அந்த மாற்றமே தெரியாது. இன்றைக்கு ஒய் குரோமோசோமில் படிக்கக்கூடிய பகுதி முழுவதையும் வரிசைப்படுத்துவார்கள். அங்கே ஒற்றை எழுத்து மாற்றங்கள் அழியாமல் சேர்ந்துகொண்டே வருவதால், இரண்டு வம்சாவளிகள் எப்போது பிரிந்தன என்பது நெருக்கமாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றுள்ள எந்தக் கிளையிலிருந்து இந்த யார்க்‌ஷயர் கிளை எப்போது பிரிந்தது என்று கேட்க முடியும். அடிமை வாணிபக் காலமா, ரோமானியர் காலமா என்பதை ஏடுகளைவிட அந்த ஒப்பீடே நெருங்கிச் சொல்லும். ஆனால் பிரிந்த தேதியும் பிரிட்டனுக்கு வந்த தேதி ஆகாது. வருகை அதற்குப் பிந்தியது என்ற வரம்பை மட்டுமே அது தரும். ஆப்பிரிக்க மாதிரிகள் போதிய அளவில் சேகரிக்கப்பட்டால்தான் அந்த வரம்பும் குறுகும். உலகின் மரபணுத் தொகுப்புகளில் ஐரோப்பியர் நிறைந்து மேற்கு ஆப்பிரிக்கர் குறைந்து இருக்கும் வரை, ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்றின் வரலாறுகூட அரைகுறையாகத்தான் நிற்கும்.

கடைசியாக ஒப்புதல் படிவம். ஒப்புதல் கேட்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: இந்தச் சோதனை உங்கள் தகப்பன்வழியில் ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டும், அது உங்கள் குடும்பப்பெயரோடு பொருந்தாமல் போகலாம், முடிவு தெரிந்தால் உங்கள் அண்ணன் தம்பியர், சிற்றப்பா, பெரியப்பா, அவர்களின் மகன்கள் ஆகியோரைப் பற்றியும் அதே தகவல் தெரிந்துவிடும். முடிவை அறிய விரும்பவில்லை என்று குறிக்க ஒரு கட்டமும் அதே படிவத்தில் இருக்க வேண்டும்.